தியாகிகளுக்கு வண்டியில் இடமில்லை

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வேனில் கடலுக்குப் போவது என்று முடிவானது. நான் போவதில்லை என்று நானும் முடிவெடுத்தேன். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தவை. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது எனக்கு மட்டும்.

ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. துக்கம் என்றால் அதில் ஒரு சூடாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு எப்படி இருக்கும்? இருப்பது தெரியும், கடித்தால் வலிக்காது. அப்படித்தான் இருந்தேன். வெளியே சொன்னால் ஆளுக்கொரு மருத்துவரின் பெயரைச் சொல்வார்கள் என்பதால் சொல்லவில்லை.

எனக்கு வேலை லிஃப்ட் பரிசோதனை. கட்டடம் கட்டடமாகப் போய், கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவிடுக்கில் கையை நீட்டினால் கதவு திரும்பத் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். காலையிலிருந்து மாலைவரை ஓயாத பயணம்தான். மேலே போவேன், கீழே வருவேன். வேடிக்கை பார்க்க வழியில் ஒன்றும் இருக்காது. அது எனக்குச் சரியாக இருந்தது.

என் மகளுக்கு எட்டு வயது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று முறை கேட்டுவிட்டாள்.

"அப்பா, வேன்ல நீங்க என் பக்கத்துலதான உக்காருவீங்க?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா ஆமாவா இல்லையா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

"அப்ப இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தானைக் கழற்றித் திரும்பப் போட்டேன்.

வரவில்லை என்று நேராகச் சொல்லலாம். சொன்னால் மனைவியின் அண்ணன், என் மச்சான், ஒரு மணி நேரம் பேசுவார். அவர் மனைவி பேசாமல் என் தட்டில் எதையாவது வைத்துக்கொண்டே இருப்பாள். மாமனார் தொண்டையைக் கனைப்பார். இந்த மூன்றையும் தாங்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. அதை வைத்துத் தப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

விதியைப் போட்டவளே என் மனைவிதான்.

எங்களுக்குக் கல்யாணமான வருடம் இந்தப் பயணம் தொடங்கியது; அவள் இறந்தபின், போன வருடம் மட்டும் யாரும் கிளம்பவில்லை. முதல்முறை கிளம்பும்போது மச்சான் மனைவி, "எனக்கு எங்கயும் இறங்க வேணாம்பா. நீங்கல்லாம் ஆசைப்பட்ட இடத்தப் பாருங்க" என்றாள். அந்தப் பெருந்தன்மைக்கு அடுத்த நான்கு நாள்கள் எல்லோரும் பலன் அனுபவித்தோம். அவள் முகம் கடல்வரை தூக்கியே இருந்தது. திரும்பும் வழியில் ஒரு பாத்திரக் கடையைத் தாண்டியபோது அழுதேவிட்டாள். அன்றைக்கு என் மனைவி சட்டம் போட்டாள்: அடுத்த வருடத்திலிருந்து ஆளுக்கு ஒரு நிறுத்தம். சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். யார் எதை எழுதினாலும் அங்கே அரை மணி நேரம் நிற்க வேண்டும். யாரும் முனகக் கூடாது. வெள்ளைச் சீட்டுப் போடுகிறவருக்கு அந்த வருடம் வண்டியில் இடமில்லை.

"தியாகிங்க வீட்லயே இருக்கலாம்" என்றாள். "வண்டிக்குள்ள தியாகம் பண்ணா அந்த நாத்தம் நாலு நாள் போகாது."

அதனால் என் திட்டம் எளிமையானது. வெள்ளைச் சீட்டுப் போடுவேன். சட்டம் என்னை வெளியே தள்ளும். சட்டத்தோடு யார் சண்டை போடுவார்கள்? மகள் மாமாவோடும் அத்தையோடும் சந்தோஷமாகப் போய்வருவாள். நான் நான்கு நாள்கள் லிஃப்டில் ஏறி இறங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மச்சான் வீட்டில் கூடினோம். சாப்பாட்டு மேசையில் சாலை வரைபடம் விரிந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு மூலையில் சர்க்கரை டப்பா, ஒரு மூலையில் பிஸ்கட் டின், இன்னொன்றில் மாமனாரின் கண்ணாடிக் கூடு. நான்காவது மூலையில் ஒன்றும் இல்லாததால் நான் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். கூட்டத்தில் எனக்கு ஒரு பயன் இருந்தது.

மச்சான் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். முப்பத்திரண்டு பேருந்துகள் எப்போது வர வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பது அவர் கையில். எதுவும் அந்த நேரத்துக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம். அந்த ஏமாற்றத்தையெல்லாம் சேர்த்துவைத்து வருடத்துக்கு ஒருமுறை எங்கள்மேல் தீர்த்துக்கொள்வார்.

"ஆறே கால்னா ஆறே காலு" என்றார். "ஆறு இருபதுக்கு வந்து நின்னுக்கிட்டு, மச்சான் கொஞ்சம் இருங்கன்னா, நடக்காது. வண்டி போயிருக்கும்."

"நீங்க பல்லு தேச்சு முடிக்கவே ஆறே கால் ஆவும்" என்றாள் அவர் மனைவி. அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மருந்துக்கடை வைத்திருக்கிறாள். எதையும் குலுக்கிப் பார்த்தபின்தான் நம்புவாள், புருஷன் பேச்சு உட்பட.

"அப்புறம் நெடுஞ்சாலை. அங்க ஒரு எண்பதுல புடிச்சேன்னா..."

மேசைக்கு அடியில் டொப்பென்று ஒரு சத்தம். மாமனாரின் வலது கால் தரையை மிதித்திருந்தது. அவர் ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தில் தேர்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயந்தவர். வேகம் என்ற சொல்லைக் கேட்டாலே கால் தானாகப் பிரேக் போடும்.

"அறுபது" என்றார்.

"அப்பா, அறுபதுல போனா கடல் வத்திடும்."

"வத்தட்டும். உன்னை நான் ரெண்டு தடவ ஃபெயில் பண்ணேன். மூணாவது தடவ பாஸ் பண்ணது உங்கம்மா தொல்லை தாங்காம. அது நெனப்பிருக்கட்டும்."

மச்சான் என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீயே சொல்லு. ஏழு வருஷமா என் வண்டில வர. ஒரு குலுக்கல்? ஒரு ஆட்டம்? வயித்துத் தண்ணி அலுங்கியிருக்கா?" என்றார்.

"இல்ல மச்சான்" என்றேன். என்னுடையது அலுங்கியதில்லை.

சீட்டுப் போடும் காலி ஐஸ்கிரீம் டப்பாவை மகள் தட்டினாள். "சீட்டு எழுதற நேரம். பேசறவங்களுக்கு நிறுத்தத்துல அஞ்சு நிமிஷம் கட்."

தலைமைப் பதவி அவளுக்கு யாரும் கொடுத்ததல்ல. முன்பு அம்மா உட்கார்ந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். கால் தரைக்கு எட்டவில்லை. நான்காக மடித்துக் கிழித்த தாள்களை ஆளுக்கொன்று நீட்டினாள். எனக்கு நீட்டும்போது விடாமல் ஒரு விநாடி பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன். விட்டாள்.

எல்லோரும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். வழக்கமாக இதற்குக் கால் மணி நேரம் பிடிக்கும். மச்சான் மூன்றுமுறை அடித்து எழுதுவார், அவர் மனைவி இரண்டாவது தாள் கேட்பாள். அன்றைக்கு ஆளாளுக்கு ஒரு நிமிடத்தில் மடித்துவிட்டார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என் சொந்த வேலையில் மும்முரமாக இருந்தேன். பேனாவைத் தாளுக்குமேல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து, எழுதுவதுபோல ஆட்டிவிட்டு, வெள்ளைத் தாளை மடித்துப் போட்டேன்.

மகள் டப்பாவைக் குலுக்கி முதல் சீட்டைப் பிரித்தாள்.

"யானை" என்று படித்தாள்.

யானை என்றால் எங்களுக்கு ஒரே யானைதான். கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரத்தில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு செடிப் பண்ணை. அதன் வாசலில் சிமெண்டில் செய்த யானை. ஒரு தந்தம் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி வருடா வருடம் அதைத்தான் எழுதுவாள். வண்டி நின்றதும் முதலில் குதித்து இறங்கி அதைச் சுற்றி ஓடுவாள். பிறகு, "என்னா கம்பீரம் பாரு!" என்பாள். மற்றவர்கள் வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். விதிப்படி யாரும் முனக மாட்டார்கள்.

"என்னுதுதான்" என்றாள் மருந்துக்கடை அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கு எந்த இடமும் வேணாம். அவளுக்காக இந்த வருஷம் அங்க நிக்கலாம்னு தோணுச்சு."

மச்சான் அவளை ஒரு மாதிரி பார்த்தார். அது பெருமிதம் இல்லை, கலவரம்.

இரண்டாவது சீட்டு. "யானை, எட்டு மணி முதல் எட்டரை வரை." அது யாருடையது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"நீங்களுமா?" என்றாள் அவர் மனைவி.

"நீ எழுதுவன்னு யாருக்குத் தெரியும்? நீ பாத்திரக் கடைய எழுதுவன்னுல்ல நெனச்சேன்."

மூன்றாவது மாமனாருடையது. "சிமெண்ட் யானை. சின்னவளுக்காக." சின்னவள் என்றால் அவருடைய இளைய மகள், என் மனைவி. நான்காவதில் எழுத்தே இல்லை. யானைப் படம் மட்டும், தும்பிக்கை தாளுக்கு வெளியே போய்விட்டது. மகள் அதைப் படிக்காமல் மேசையில் வைத்தாள்.

ஒருவருக்கொருவர் தெரியாமல் நான்குபேரும் தியாகம் செய்திருந்தார்கள். மற்ற மூவரும் சுயநலமாகத்தான் எழுதுவார்கள் என்ற உறுதியான நம்பிக்கையில்.

மச்சான் கணக்குப் போட்டார். "நாலு சீட்டு. நாலு அரை மணி. ரெண்டு மணி நேரம். அந்த யானைய வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் என்ன பண்றது?"

"குளிப்பாட்டலாம்" என்றார் மாமனார்.

யாரும் சிரிக்கவில்லை. மகள் ஐந்தாவது சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "வெள்ளை" என்றாள்.

திட்டம் கனகச்சிதமாக நடந்துகொண்டிருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் நான் யோசிக்கவில்லை. நான்கு யானைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைத்தாள் எப்படித் தெரியும் என்பதை.

"ஏன் மாப்ள" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதில்லை. "நாங்க நாலு பேரும் அவள நெனச்சு எழுதியிருக்கோம். உனக்கு ஒரு வார்த்தை வரலையா?"

"விடுங்க, தம்பிக்கு மனசு சரியில்ல" என்று அக்கா பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினாள். வரைபடத்தின் ஒரு மூலை பறந்தது.

"அப்பாக்கு அம்மாவோட யானை புடிக்காது போல" என்றாள் மகள், தாளை மடித்துக்கொண்டே. எட்டாக மடித்தாள், பதினாறாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க வரவில்லை.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் கோபத்தோடு என்னை விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வேண்டியது அதுதான். மாமனார்தான் காரியத்தைக் கெடுத்தார்.

"இதப் பாருங்க" என்று தொண்டையைக் கனைத்தார். "ரொம்ப நாளா மனசுல இருக்கு. அந்தப் பண்ணைக்காரர்கிட்ட பேசி அந்த யானைய வாங்கிடலாம்னு இருக்கேன். நம்ம வாசல்ல வச்சுடுவோம். சின்னவளுக்கு அதுன்னா உயிரு. அவ நெனவா இருக்கும்."

"லாரி வைக்கணும்" என்றார் மச்சான், உடனே.

"கேட் அகலம் பத்தாது. கேட்டை எடுத்துடலாம்" என்றார் மாமனார்.

"பெயிண்ட் அடிக்கணும். தந்தம் வேற ஒண்ணு ஒட்டணும்" என்றாள் அக்கா.

"மாப்ள வீட்டு வாசல்லயே வச்சுட்டா என்ன? தினம் காலைல வெளிய வரும்போது பாத்துட்டுப் போகலாம்ல?" என்றார் மச்சான்.

"அவளுக்கு அந்த யானையைப் பிடிக்கவே பிடிக்காது" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். நான்கு என்று சொல்ல வேண்டும். மகளும் நிமிர்ந்துவிட்டாள்.

"அவளுக்கு வண்டியில போனா குமட்டும்" என்றேன். "சரியா ஒண்ணே முக்கால் மணி நேரம் தாங்குவா. அதுக்கு மேல முடியாது. அந்த இடத்துலதான் ரோட்டோரமா பெருசா ஒரு மறைவு இருந்துச்சு. யானைக்குப் பின்னாடி போய் வாந்தி எடுப்பா. பக்கத்துலயே செடிக்குத் தண்ணி விடற குழாய். மூஞ்சி கழுவிட்டு, முன்பக்கம் வந்து என்னா கம்பீரம்னு சொல்லுவா. அதுவரைக்கும் நான் யாரும் பின்பக்கம் வராம பாத்துக்கணும். அதான் என் வேலை. ஏழு வருஷமும்."

மச்சான் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் வண்டிலயா?" என்றார் மச்சான். "நான் ஓட்டறப்பவா?"

"உங்க வண்டியிலதான் மச்சான்."

மருந்துக்கடை அக்காவின் தோள்கள் முதலில் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. "ஊருல பாதி பேருக்கு வாந்தி மாத்திரை குடுக்கறவ நான்! பின் சீட்டுல ஒருத்தி ஏழு வருஷமா... ஐயோ, போன தடவ நான் அந்த யானைக்குப் பின்னாடி நின்னு ஃபோட்டோ வேற எடுத்தேனே!" அவளால் முடிக்க முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"அந்த ஃபோட்டோவ ஹால்ல மாட்டியிருக்கோம்டி" என்றார் மச்சான். அதைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டது.

மாமனார் சிரிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

இதைச் சொல்லக்கூடாது என்றுதான் மனைவி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சொன்னால் விவாகரத்து என்றாள். இப்போது அந்த அபாயம் இல்லை.

"அவளுக்குப் பத்து வயசுல பஸ்ல உங்க சட்டையில எடுத்துட்டாளாம். வாந்தி எடுக்கறவங்க இனிமே வீட்லயே இருங்கன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஒரு தடவ சொன்னேன்" என்றார். "புதுச் சட்டை. கோவத்துல ஒரே ஒரு தடவ சொன்னேன்."

அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினார். வரைபடத்தின் அந்த மூலையும் பறந்தது. பிறகு, மெதுவாக, "முப்பது வருஷத்துல என்னை ஏமாத்தி பாஸானவ அவ ஒருத்திதான்" என்றார். உதடு கோணியது. அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள மற்ற இருவரும் தயாராக இருந்தார்கள். மூவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

என் வாயும் கொஞ்சம் அசைந்தது. அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் யானைப் படத்தைக் கையால் மூடி வைத்திருந்தாள்.

"அப்ப நானும் வீட்ல இருக்கணுமா?" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"நீ ஏன்டா தங்கம் இருக்கணும்?" என்றாள் அக்கா.

"எனக்கும் வரும். ஸ்கூல் டூர் போனப்ப வந்துச்சு. மிஸ்ஸோட பைக்குள்ள எடுத்துட்டேன்." ஒவ்வொன்றாகச் சொன்னாள். "யானைகிட்ட எல்லாரும் இறங்குவாங்க. ஏன் இறங்கறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதான் எழுதினேன்."

நான்கு சீட்டுகளில் மூன்றுதான் தியாகம். ஒருத்தி தனக்கு வேண்டியதை எழுதியிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா கண்டுபிடித்த அதே வழியைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"மிஸ் டைரில எழுதினாங்க. நீங்க கையெழுத்துப் போட்டீங்க." கொஞ்சம் நிறுத்தி, "படிக்கல" என்றாள்.

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தகவல்போலத்தான் சொன்னாள். ஒரு லிஃப்டின் கம்பிவடத்தில் எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று விரலால் தடவி எண்ணாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

மாமனார் எழுந்துவிட்டார். "யாரும் வீட்ல இருக்க வேணாம்" என்றார், ஏதோ ஆணை பிறப்பிப்பதுபோல. "என் சட்டை மேலயே எடுக்கலாம். பழைய சட்டையா போட்டுட்டு வரேன்."

"அதுக்கெல்லாம் அவசியமில்ல. கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி அர மாத்திரை" என்றாள் அக்கா. "முன் சீட்டுல உக்காரணும். ஃபோன் பாக்கக்கூடாது."

"நானும் அறுபதுலயே போறேன்" என்றார் மச்சான். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

"தியாகம் கூடாது மாமா" என்றாள் மகள். "சட்டப்படி தப்பு."

"சரி சரி. எழுபது."

டொப்பென்று சத்தம். "அறுபத்தஞ்சு."

மகள் யானைப் படத்தை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். "என்னோடது செல்லும். மத்ததெல்லாம் செல்லாது. புதுசா எழுதணும். நிஜமா வேணும்கிறத மட்டும் எழுதணும்." புதுத் தாள்களை நீட்டினாள். என்னிடம் வந்தபோது நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெள்ளையா போட்டா சட்டப்படி நீங்க வர வேணாம். அதுக்குத்தான போட்டீங்க?"

இப்போது பொய் சொல்லலாம். தேவைக்கு இரண்டு மூன்று பொய்கள் கைவசம் இருந்தன. "ஆமா" என்றேன்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் தொடையில் கிள்ளியிருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"எனக்குக் குமட்டும்" என்றாள் மகள். "இருந்தும் நான் வரேன். உங்களுக்குக் குமட்டக்கூட இல்ல."

எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நியாயம் அவள் பக்கம் இருந்தது.

"நீங்க வரலன்னா நானும் வரல. வெள்ளை போட்டு தப்பிக்கல. சும்மாவே வரல."

தாளை நீட்டினாள். வாங்கினேன்.

மற்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இந்தமுறை வழக்கமான கால் மணி நேரம் பிடித்தது. மச்சான் அடித்து அடித்து எழுதினார். அக்கா இரண்டாவது தாள் கேட்டாள். நான் பேனாவைத் தாளில் வைத்தேன், உண்மையாகவே. ஒரு புள்ளி விழுந்தது. கடல் வரைக்கும் உள்ள சாலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஊர்கள் வந்தன, பாலங்கள் வந்தன, எல்லாம் மாடி எண்கள்போல நகர்ந்து போயின. எங்கேயும் கதவு திறக்கவில்லை.

சீட்டுகள் பிரிக்கப்பட்டன. அக்காவுக்கு ஆறு மாடிப் பாத்திரக் கடை. மச்சானுக்கு வழியில் ஒரு ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் பேருந்து நிலையம்.

"லீவுலயும் பஸ் ஸ்டாண்டா?" என்றாள் அக்கா.

"நாப்பது பிளாட்பாரம்டி. சும்மா நின்னு பாக்கணும். பஸ்ஸு லேட்டா வந்தா என்னை யாரும் திட்ட மாட்டாங்கல்ல."

மாமனார், ஐந்து சாலைகள் சேரும் ஒரு ரவுண்டானாவைக் குறித்திருந்தார். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் யார் என்னென்ன தவறு செய்கிறார்கள் என்று அரை மணி நேரம் பார்க்க வேண்டுமாம். "யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "மனசுக்குள்ள ஃபெயில் பண்ணிப்பேன்."

பிறகு நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் தாளில் புள்ளி மட்டும் இருந்தது.

"எனக்கு எங்க இறங்கணும்னு தெரியல" என்றேன். "சாக்கு இல்ல. நிஜமாவே தெரியல. யோசிச்சுப் பாத்தேன். எதுவும் தோணல. ரொம்ப நாளா எதுவும் தோணறதில்ல."

ஒன்றரை வருடத்தில் இதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல்முறை. ஒருவரும் மருத்துவர் பெயர் சொல்லவில்லை. அக்கா பிஸ்கட் டின்னைத் தள்ளவில்லை. மாமனார் கனைக்கவில்லை. மகள் மட்டும், கணக்கு விடை வராதபோது பார்ப்பதுபோல முகத்தைச் சுருக்கினாள்.

"போற வழியில தோணுமா?"

"தெரியல."

"தோணலாமா?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. "தோணலாம்" என்றேன். பிறகு, வாய் தானாகப் பேசியதுபோல, "தோணினா நிறுத்துன்னு சொல்றேன். அங்க நிறுத்தணும்" என்றேன்.

"அதெப்படி?" மச்சான் கொதித்துவிட்டார். "எங்கன்னு தெரியாம எப்படி மாப்ள நேரம் போடறது? காலைல ஏழு மணிக்கும் சொல்லலாம், சாயங்காலம் அஞ்சு மணிக்கும் சொல்லலாம். நடு ரோட்டுல சொல்லுவ, மேம்பாலத்து மேல சொல்லுவ..."

"மேம்பாலத்துல நிறுத்தக் கூடாது" என்றார் மாமனார்.

"சரி மாமா. மேம்பாலத்துல சொல்ல மாட்டேன்."

"சீட்டுல இடம் எழுதணும்னு சட்டம் இருக்கே?" என்று மச்சான் தலைமையிடம் முறையிட்டார்.

தலைமை யோசித்தது. கால்களை ஆட்டியது. "இடம் எழுதணும்னு இல்ல. வெள்ளையா இருக்கக்கூடாதுன்னுதான் இருக்கு" என்றாள். பிறகு என்னிடம், "ஆனா சும்மா உக்காந்துட்டு வரக்கூடாது. தூங்கக்கூடாது. ஜன்னல் பக்கம் உக்காந்து பாத்துக்கிட்டே வரணும். நான் அப்பப்ப கேப்பேன், இங்கயான்னு."

"எத்தனை தடவ?"

"கடல் வர்ற வரைக்கும்."

"ஒருவேளை போகும்போது எங்கயும் தோணலன்னா?" என்று அக்கா கேட்டாள்.

"திரும்பி வர்றோம்ல" என்றாள் மகள்.

என் தாளை என் பக்கம் தள்ளி, எழுதச் சொன்னாள். 'நிறுத்து என்று சொல்லும் இடம். அரை மணி நேரம்' என்று எழுதினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். படித்துவிட்டுப் போடச் சொன்னாள். ஒருமுறை படித்தேன். போட்டேன்.

மச்சான் பெருமூச்சு விட்டார். ஆறே கால், எட்டு, எட்டரை என்று வரிசையாகப் பேனாவால் எழுதிவைத்திருந்த தன் நேரப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "வீட்ல எங்கயாவது பென்சில் இருக்கா?" என்றார்.